மாதாவின் கழுத்தில் ஓர் ஆணி

மரத்தில் சுரூபம் செதுக்குகிறவனைக் கட்டிக்கொண்டால் மரத்தூளைத் தின்றுதான் வாழவேண்டும் என்று என் அம்மா அப்போதே சொன்னாள். தின்றாயிற்று. இம்பாபுரா மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உளிச் சத்தம்தான். ஆனால் கோவிலில் இருக்கும் வியாகுல மாதாவைச் செய்தது என் புருஷன் செகுந்தோ. கேதுருக் கட்டையில் தலையும் கைகளும் மட்டும். கழுத்துக்குக் கீழே வெறும் மரச்சட்டங்கள். அதன்மேல்தான் வெல்வெட் ஆடை. கண்ணாடிக் கண் வைப்பதற்காக முகத்தைத் தனியாக அறுத்தெடுத்து, உள்ளிருந்து கண்ணைப் பதித்து, மறுபடி ஒட்டினார். கன்னத்துக்கு ரோஜா நிறம் பூசி, ஆட்டின் மூத்திரப்பையை எச்சிலில் நனைத்து, மெருகு ஏறும்வரை நாள்கணக்கில் தேய்த்தார். அந்த மாதங்களில் என் கன்னத்தை அவர் தொட்டதாக ஞாபகமில்லை.

பங்குச்சாமி மாதாவை மந்திரித்துக் கோவிலில் வைத்த அன்றோடு செகுந்தோவுக்கும் மாதாவுக்கும் நடுவே கதவு சாத்தப்பட்டுவிட்டது. எங்கள் வழக்கப்படி மாதாவுக்கு உடை மாற்றுவது பெண்கள்தான். அந்த நேரத்தில் எந்த ஆணும் அறைக்குள் வரக்கூடாது. சாமியார் ஆனாலும் சரி, செதுக்கியவன் ஆனாலும் சரி. துணிக்குள் இருப்பது நீங்கள் அடித்த சட்டம்தானே என்று நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிக்கமாட்டார். அவரும் நம்புகிறவர். அதன் பிறகு 'நான் செய்தது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'அம்மா' என்றுதான் சொல்வார்.

அந்தத் தவக்காலத்தில், சப்பரம் எங்கள் தெரு திரும்பும்போது மாதாவின் தலை மெல்ல ஆடியது. மாதா தலையாட்டி ஆசீர்வதிக்கிறாள் என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. இவர் முகம் வெளுத்துவிட்டது.

"சொய்லா, தலையத் தாங்குற கழுத்து முளைக்கட்டை கழண்டுருச்சுடி. பெரிய வெள்ளி வரைக்கும் தாங்காது."

மறுநாளே பங்குச்சாமியிடம் போனார். எர்மெலிந்தா அக்காவிடம் வாயைக் கொடுக்க என்னால் ஆகாது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சாமி நழுவிக்கொண்டார். மாதாவுக்கு உடை மாற்றும் பணிவிடைப் பெண்களுக்கு எர்மெலிந்தா அக்காதான் தலைவி. கெட்டவள் இல்லை. தன் கல்யாண லேஸைக் கிழித்து மாதாவுக்கு முக்காடு தைத்தவள். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அறைக்குள் வரவே வேண்டாம், தலையை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி வெளியே கொடுத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் சரிசெய்து தருகிறேன் என்று இவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் செகுந்தோ, ஒன்னப் பெத்தவ தலையக் கேட்டா இப்படிக் கழட்டிக் குடுப்பியா?" என்றாள். கூட இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் என்னைத்தான் பிடித்தார். நானும் பணிவிடைப் பெண்களில் ஒருத்தி. புதிதாக ஒரு முளை சீவி, வஜ்ஜிரப் பசையை ஒரு கிண்ணத்தில் சூடாக ஊற்றிக் கொடுத்து, ஒரு பழைய மரத்துண்டில் எப்படிச் செருகுவது என்று செய்து காட்டினார். புதன்கிழமை, கறுப்பு உடை மாற்றும் நேரத்தில், சால்வைக்குள் மறைத்துக் கொண்டுபோனேன். பாழாய்ப்போன பசை நாறிக் காட்டிக்கொடுத்துவிட்டது. மாட்டுத்தோல் காய்ச்சிய நாற்றத்தை மாதாவின் மேல் தடவப் பார்த்தாயா என்று அக்கா கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள். மாதாவின் முகமே அந்தப் பசையில்தான் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

அவள் பையிலிருந்து சுத்தியலையும் நீளமான ஓர் ஆணியையும் எடுத்தாள். எங்கள் வீட்டு மேசைக்காலை நானே அடித்து நிறுத்தியிருக்கிறேன், இது என்ன பெரிய காரியம் என்றாள்.

"அக்கா, வேணாம். கேதுரு பொளந்துரும்."

"ஒம் புருஷன் பேச்ச இங்க கொண்டு வராத."

நான் அவள் கையைப் பிடித்தேன். மற்றவர்கள் என்னைப் பின்னுக்கு இழுத்தார்கள். முதல் அடி விழுந்ததும் கதவுக்கு வெளியே செகுந்தோவின் குரல் கேட்டது. எப்போது வந்து நின்றாரோ.

"ஆணி வேணாம்க்கா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், நிறுத்துங்க."

கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. ஒரு தள்ளு தள்ளியிருந்தால் திறந்திருக்கும். உள்ளே வாங்க என்று நான் கத்தினேன். கதவுப் பலகையில் அவர் கை படும் சத்தம் கேட்டது. அது அங்கேயே நின்றது. மாதா ஆடையில்லாமல் இருந்தாள், அவர் வரவில்லை.

இன்னொரு அடி. அப்புறம் மரம் முறியும் சத்தம். மாதாவின் தாடையிலிருந்து இடது கண்ணோரம் வரை விரிசல் ஒரு கோடாக ஓடியது. அக்காவின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. பயத்தில்தான் விழுந்தது, எனக்குத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் முழங்காலிட்டாள்.

"அழுறா... அம்மா அழுறாடி" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் நடிக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மலைக்கு அந்தப்புறத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்துவிட்டது. கண்ணீர் வழிந்த தடம் என்று எல்லோரும் ஏங்கி ஏங்கி அழுதார்கள். கூட்டத்தின் நடுவே பங்குச்சாமி என் புருஷனைக் கூப்பிட்டு, நீங்கள் செய்தபோது இந்தக் கோடு இருந்ததா என்று கேட்டார்.

"இல்ல, சாமி" என்றார் செகுந்தோ.

ஆணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரிய வெள்ளிக்குரிய மரமணியைத் தட்டிவிட்டார்கள். செதுக்கியவனே சாட்சி சொல்லிவிட்டான் என்று அந்த 'இல்ல' கூட்டம் முழுக்கப் பரவியது. நான் ஆணி, ஆணி என்று தொண்டை கிழியச் சொன்னேன். பொறாமை பிடித்தவள் என்றார்கள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். இனி அந்த முகத்தில் யாரும் கைவைக்கக்கூடாது என்று பணிவிடைப் பெண்கள் சங்கத்தில் முடிவும் ஆகிவிட்டது. அதை எதிர்த்துக் கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

வெயில் காலத்தில் எங்கள் பக்கத்துக் காற்று மரத்தை உலர்த்தி எடுத்துவிடும். கோடு அகலமாகிறது. மாதாவின் துக்கம் பெருகுகிறது என்கிறார்கள். ஒட்டிய முகம் ஒருநாள் அப்படியே கழன்று விழும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இவர் ஞாயிறுதோறும் முன்பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். இப்போது கண்ணும் மங்கிவிட்டது. அதனால், இன்னும் பணிவிடையில் இருக்கும் நான் மாதாவுக்கு உடை மாற்றிவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் வாசலிலேயே நிற்பார்.

இந்த வருஷமும் நின்றார்.

"கோடு எவ்வளவு இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. போய்ச் சாப்பிடுங்க" என்றேன்.

அவர் என் கையை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் நகத்துக்குள் மாதாவின் கன்னத்து ரோஜா நிறம் பொடியாக இருந்தது.