கோப்பை இல்லாதவள்

“உள்ளங்கையிலயா குடிச்சா?”

“ஆமா. குழாயைத் திறந்துவிட்டு, ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சு. பக்கத்துலயே அலமாரி இருக்கு, அதுல ஒரு டம்ளர்கூட இல்ல.”

“அப்ப அவ செத்தவதான் அண்ணி, சந்தேகமே வேணாம். அந்த லோகத்துல அவளுக்குக் கோப்பை குடுக்க ஆள் இல்ல. தாகம் தாங்காம அலைஞ்சு உங்க கனவுக்குள்ள பூந்துட்டா.”

“என்னை எதுக்குத் தேடி வரணும்? அவ யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“தெரிஞ்சவங்ககிட்ட முதல்ல போயிருப்பா. அவங்க புரண்டு படுத்துத் தூங்கியிருப்பாங்க. கேட்டா இல்லைன்னு சொல்லாத ஆளு இந்தத் தெருவுல நீங்க ஒருத்திதான். விஷயம் செத்தவங்க வரைக்கும் போயிடுச்சு பாருங்க!”

வெதா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். வால்நட் மரத்தடி மேசையில் பன்னிரண்டு மண்கோப்பைகள் வரிசையாக இருந்தன. இரட்டைச் செர்ரிகளைப் பொறுக்கி எடுத்து, கோப்பைகளின் காதில் சிவப்பு நூலால் கட்டுவது அவள் வேலை. மூன்று கட்டினால் ஒன்றைத் தின்பதும் அதில் சேர்த்தி. அவளுடைய அண்ணி ஸ்மரந்தா எதிரே உட்கார்ந்து வட்ட ரொட்டிகளைத் துணியில் பொதிந்துகொண்டிருந்தாள்.

பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அது, செத்தவர்களின் சனிக்கிழமை. காலையிலிருந்தே தெருவில் பெண்கள் கோப்பையும் மெழுகுவர்த்தியுமாக ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் யார் யார் போய்ச் சேர்ந்தார்களோ அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கோப்பை, உயிரோடிருக்கும் யாராவது ஒருவர் கையில் கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவர் “கடவுள் மன்னிக்கட்டும்” என்று சொன்ன பிறகுதான் அது அந்தப் பக்கம் போய்ச் சேரும். அந்த வார்த்தை விழாதவரை கோப்பை வெறும் கோப்பைதான்.

ஸ்மரந்தாவின் கணக்கில் பதினொரு பேர். வியாழக்கிழமைச் சந்தையில் பன்னிரண்டாவதாக ஒன்றை எடுத்தபோது, குயவன் மனைவி, “புதுசா யாரும்மா?” என்று துக்கத்தோடு கேட்டாள். கனவில் வந்தவளுக்கு என்று சொல்ல ஸ்மரந்தாவுக்குக் கூச்சமாக இருந்தது.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து மூன்று தடவை அதே கனவு. மூன்று தடவையும் அதே வீடு, அதே பெண்.

“கனவுப் பலன் புத்தகத்துல பாத்தீங்களா?” என்றாள் வெதா.

“பாத்தேன். தெரியாத வீட்டைக் கண்டா இடமாற்றம், நீண்ட பயணம்னு போட்டிருக்கு.”

“ஓகோ! அதான் முகத்துல ஒரு களை.”

ஸ்மரந்தா மறுக்கவில்லை. கணவன் கோர்னெல் ஸ்பெயினுக்குப் போய் ஏழு வருடம். அங்கே காஸ்தெயோன் ஊரில், சுவர் ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை. “அடுத்த இலையுதிர்காலத்துல உன்னைக் கூட்டிக்கிறேன்” என்று ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சொன்னான். வீடு சின்னது என்றான். பிறகு, கூடத் தங்கியிருப்பவர்கள் ஆண்கள் என்றான். பிறகு அவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டு குளிர்காலமாக முன்னறையில் கிடக்கும் அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிடுவது ஸ்மரந்தாதான். ஆனால் போன கிறிஸ்துமஸுக்குக் கைபேசியில் கோர்னெல் தேதியே சொன்னான். செப்டம்பர் பத்து. அப்பாவை வெதா பார்த்துக்கொள்வாள் என்றான். அதனால் முதல் தடவை அந்தக் கனவு வந்த காலையில், புத்தகத்தைப் புரட்டிவிட்டு, தான் போய் வாழப்போகிற வீட்டைத்தான் கடவுள் முன்கூட்டியே காட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாவு பிசைந்துகொண்டே பாட்டுக்கூடப் பாடினாள். அந்தப் பெண் மட்டும்தான் உறுத்தினாள். புது வீட்டில் அந்நியப் பெண்ணுக்கு என்ன வேலை? செத்தவள் என்றால் சரி. முன்பு அங்கே குடியிருந்தவளாக இருக்கும். கோப்பையைக் கொடுத்துவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடுவாள்.

“வீடு எப்படி இருந்துச்சு? பெருசா?” வெதா இன்னொரு செர்ரியை வாயில் போட்டாள்.

“நாலாவது மாடியோ அஞ்சாவதோ. ஜன்னல்ல கண்ணாடிக்கு வெளிய பச்சைப் பலகைத் திரை, கயித்தை இழுத்தா மேல சுருளும். அடுப்படிச் சுவர் பூரா வெள்ளை ஓடு. ஒண்ணு விட்டு ஒண்ணுல எலுமிச்சம்பழம் வரைஞ்சிருக்கு. ஒரு ஓடு மட்டும் தலைகீழா ஒட்டியிருக்காங்க, காம்பு கீழ பாத்து.”

வெதா மெல்லுவது நின்றது.

“அவ குட்டை முடி. நம்மளவிட வயசு கூட இருக்கும். முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் இந்தப் பக்கம் சூடு பட்ட தழும்பு, வெள்ளையா, பளபளன்னு. என்னைப் பாத்து உக்காருன்னு சொன்னா. ஆனா நாற்காலி ரெண்டுதான். ஒண்ணுல அவ துணி மடிச்சு வெச்சிருந்தா, இன்னொண்ணு யாருக்கோ... என்ன வெதா? கொட்டையை முழுங்கிட்டியா?”

முழுங்கித்தான் விட்டாள். கண்ணில் நீர் வர இருமினாள். ஸ்மரந்தா எழுந்து முதுகில் தட்டினாள். இருமல் அடங்கியதும் வெதா பன்னிரண்டாவது கோப்பையை மற்றவற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

“இது வேணாம் அண்ணி.”

“எது?”

“இந்தக் கோப்பை. பேர் தெரியாத ஆவிக்குக் குடுக்கக் கூடாது. அப்புறம் ஒட்டிக்கும்.”

“இப்பத்தானேடி குடுத்தே ஆகணும்னே?”

“யோசிக்காம சொல்லிட்டேன். பேர் வேணும். பாதிரியார் சீட்டுல என்னன்னு எழுதுவாரு?”

“பேர் தெரியாதவங்களுக்கு ‘கடவுள் அறிந்த பேர்’னு எழுதுவாரு. போன வருஷம் உன் மாமியாரே ஆத்துல மிதந்து வந்தவனுக்குக் குடுத்தாங்க. வாங்கினதே நீதான்.”

முன்னறையில் கிழவர் தடியால் சுவரைத் தட்டினார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அசையாத வெதா அன்று துள்ளி எழுந்து ஓடினாள். போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. அந்த நேரம் ஸ்மரந்தாவுக்குப் போதுமானதாக இருந்தது.

வெதா போன நவம்பரில் ஆரஞ்சு பறிக்கக் காஸ்தெயோனுக்குப் போய் இரண்டு மாதம் அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தாள். திரும்பி வந்து ஆரஞ்சைப் பற்றிப் பேசினாள், கடலைப் பற்றிப் பேசினாள், மேஸ்திரியின் வாய்நாற்றத்தைப் பற்றிக்கூட ஒரு வாரம் பேசினாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை மூடத் தெரியாதவள் பேசாமல் விட்ட அந்த ஒரு விஷயத்தை ஸ்மரந்தா அன்றுவரை கவனித்ததே இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் அன்று காணொளியில் பேசியபோது கோர்னெல் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தான். அவன் செப்டம்பர் பத்து என்று சொன்ன அதே நொடியில் ஓரத்திலிருந்து ஒரு கை வந்து தட்டை வைத்துவிட்டுப் போனது. கை மட்டும். அதில் பளபளவென்று ஒரு தழும்பு. கோர்னெல் கைபேசியைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டான். பின்னால் சுவரில் மஞ்சளாக ஏதோ ஆடியது. ஸ்மரந்தா கேட்கவில்லை. கேட்காமலிருந்தது மட்டுமில்லை, பார்க்காமலும் இருந்துவிட்டாள். கையில் தேதி கிடைத்திருந்தது. வேறு எதையும் பிடிக்க விரல் மிச்சமில்லை. அவள் கண் மட்டும் எல்லாவற்றையும் பொறுக்கி எங்கேயோ போட்டு வைத்திருந்தது, தலைகீழ் ஓடு வரைக்கும்.

வெதா திரும்பி வந்தபோது, ஸ்மரந்தா கோப்பையில் ஒயின் ஊற்றி, ரொட்டியை மேலே வைத்து, மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது கோப்பை.

“என்ன பண்றீங்க?”

“பாவம், தாகம்னு மூணு தடவை வந்துட்டா.”

“ஏத்தாதீங்க அண்ணி.”

“ஏன்?”

“தெரியாதா உங்களுக்கு? தபால்காரர் பொண்டாட்டி, ராணுவத்துல இருந்த தன் பையன் செத்துட்டான்னு தப்பா நினைச்சு, அவனுக்குக் கோப்பை குடுத்துட்டா. வருஷம் திரும்பறதுக்குள்ள பையனைப் பெட்டியில கொண்டுவந்தாங்க. உசிரோட இருக்கிறவங்களுக்கு...” வெதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மேசைமேல் ஒரு தேனீ செர்ரியைச் சுற்றியது. ஸ்மரந்தா அதைக் கையால் ஓட்டினாள்.

“எத்தனை வருஷமா?” என்றாள்.

“எது?”

“வெதா.”

“நாலு வருஷம் இருக்கும். எனக்கும் அங்க போனப்பதான் தெரியும். சத்தியமா.”

“அப்ப செப்டம்பர் பத்து?”

“அப்பா அதுவரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதுவரைக்கும் நீங்க... எனக்கு ரெண்டு பிள்ளைங்க அண்ணி, என் புருஷன் குடிகாரன். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா அப்பாவை நான் எங்க வெச்சுப் பாக்கறது?” அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்: “அவ ஒண்ணும் கெட்டவ இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரா பூரா பக்கத்துல உக்காந்து ஈரத்துணி போட்டா. உங்களைப் பத்தி நல்லாதான் கேட்டா.”

நல்லாதான் கேட்டா. அண்ணன், தங்கை, அங்கே அவள். எலுமிச்சம்பழ அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்து தன்னைப் பற்றி அன்பாகப் பேசியிருக்கிறார்கள். உள்ளே கிடக்கும் கிழவருக்கும் தெரிந்திருக்குமோ? தினமும் காலையில் புரட்டிப்போடும்போது அவர் கண் கலங்குவது நன்றியினால் என்றல்லவா நினைத்திருந்தாள்!

அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை, திரி கருகுவது மட்டும் தெரிந்தது. கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, மேசையைச் சுற்றி வந்து, வெதாவின் முன்னால் நின்றாள். வெதா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வால்நட் மரத்தோடு ஒட்டினாள்.

“அண்ணி, பாவம் அண்ணி. அவ என்ன பண்ணுவா?”

“நான் யாருன்னு அவளுக்குத் தெரியும். அவ யாருன்னுதான் எனக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்குக் குடுக்கறது புண்ணியம்தானே?”

வேலிக்கு அப்பால் தெருவில் யாரோ யாருக்கோ கோப்பை கொடுத்தார்கள். கடவுள் மன்னிக்கட்டும் என்ற வார்த்தை தெளிவாகக் கேட்டது. ஒயின் தளும்பி ஸ்மரந்தாவின் மணிக்கட்டில் வழிந்தது. அவள் கோப்பையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

“வாங்கிக்க வெதா. வாங்கிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லு.”