அஞ்சுகிளையார் வீட்டு வெள்ளி

தெருவில் அவருக்கு அஞ்சுகிளையார் என்று பெயர். வைத்தவர் எதிர்வீட்டிலிருந்த மைத்துனர். காரணம், சாப்பாட்டு மேசை நடுவில் நின்ற இரண்டு மெழுகுவத்தித் தண்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து கிளை. தூணில் வரிவரியாகப் பள்ளம், அடியில் சுருண்ட இலைகள், இடுப்பில் பூமாலை. பழைய பிரெஞ்சு பாணி. கப்பல் கம்பெனியில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தபோது ஏலத்தில் எடுத்தவை. முதல் வருஷம், யாரோ ஒரு பிரெஞ்சு வியாபாரியின் சொத்து என்றார். ஐந்தாம் வருஷம் வியாபாரி பிரபுவானார். இவர் ஓய்வு பெறுவதற்குள் பிரபுவுக்கு அரண்மனையே வந்துவிட்டது.

நாற்பது வருஷத்தில் அவற்றில் ஒரு மெழுகுவத்திகூட ஏறியதில்லை. தண்டுகள் வந்த புதிதில் மனைவி பத்து மெழுகுவத்தி வாங்கி வந்தாள்.

"ஒரே ஒரு நாள் ஏத்திப் பார்ப்போமே."

"கரி பிடிக்கும். மெழுகு வழியும். சுத்த வெள்ளி, தெரியுமில்ல?"

மெழுகுவத்திகள் பீரோவின் பின்பக்கம் போயின. அவளும் வருஷத்துக்கு ஒருமுறை கேட்டாள். அவரும் வருஷத்துக்கு ஒருமுறை அதையே சொன்னார்.

தினமும் குளித்த கையோடு, பாலிஷ் பசை தொட்ட துணியால் தண்டுகளை அவரே தேய்ப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. மனைவி ஜுரமாகக் கிடந்த வாரத்திலும் தேய்ப்பு நிற்கவில்லை; அவள் மருந்துக்குத்தான் நேரம் தவறியது. பூமாலையில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தபோது, உள்ளே தங்கமும் கலந்திருக்கிறது என்று விருந்தாளிகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

எழுபதாவது வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தண்டுகள் அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டும். கீழே தன் பெயர். பெயர்ப்பலகை வாசகத்தைப் பதினோரு தடவை எழுதிப் பார்த்தார்.

"அப்ப இனிமே ஏத்தவே முடியாதா?" என்றாள் மனைவி.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள யாராவது தீ வைப்பாங்களா?"

அவள் பீரோ பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

அவர் கடிதம் போட்டதன்பேரில் தண்டுகளைப் பரிசோதிக்க அருங்காட்சியகத்து அம்மா வந்த மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் வானம் கறுத்து, கூடம் குளத்தின் அடிப்பகுதி மாதிரி ஆனது. மேசையும் நாற்காலிகளும் மிதப்பதுபோல் இருந்தன. வேடிக்கை பார்க்க மைத்துனரும் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பூதக்கண்ணாடியோடு தண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஐயா, அழகான வேலை. ஆனா இது வெள்ளி இல்ல. பித்தளை மேல வெள்ளிமுலாம். அந்தப் பாணியைப் பார்த்துப் பிற்காலத்துல செஞ்சது."

"முலாமா?"

"அதுவும் பாதி போயிடுச்சு. யாரோ தினம் தேய்ச்சிருக்காங்க. வேலைக்காரங்களா?"

"ஆமாம்மா," என்றார் மைத்துனர். "நாப்பது வருஷமா ஒரே ஆளு. லீவே போடாத ஆளு. இல்லையா அத்தான்?"

அஞ்சுகிளையார் துணியை மடியில் மறைத்தார். "கரி பிடிச்சிடக் கூடாதேன்னு ஏத்தவே இல்லைங்க..."

"ஏத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. மெழுகு வெந்நீர்ல போயிடும். தேய்ச்ச முலாம்தான் திரும்பி வராது." அவள் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டாள். "எங்களுக்கு வேண்டாம் ஐயா. வீட்லயே இருக்கட்டும்."

மனைவி எழுந்து உள்ளே போனாள். பீரோ கிறீச்சிட்டது. பழுப்பேறி, லேசாக வளைந்த பத்து மெழுகுவத்திகளோடு வந்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"கரி பிடிக்கட்டும்."

ஒவ்வொன்றாக ஏற்றினாள். பத்தாவது சுடர் எழுந்ததும் கூடத்தின் சுவர்கள் பின்வாங்கின. கிளைகளின் நிழல் மரங்களாக வளர்ந்து கூரையில் ஏறிச் சாய்ந்தது. மழை எங்கோ வேறு ஊரில் பெய்வதுபோல் கேட்டது. தேய்ந்த பூமாலையில் பித்தளை வெட்கமில்லாமல் பொன்னாக மின்னியது. மிச்சமிருந்த வெள்ளி நிலாத்துண்டு மாதிரி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கிளம்ப எழுந்த அம்மா குடையோடு மறுபடி உட்கார்ந்தாள். மனைவி மேசையில் கன்னத்தை வைத்து, சுடர்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சொட்டு மெழுகு வழிந்தது. துணியோடு அவர் கை தானாகப் போனது. அவள் தலையைத் தூக்காமலே மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சும்மா இருங்க. அது வழியணும்."

வழிந்தது. அடியிலிருந்த இலைகள் மேல் வெளிறிய தட்டாகப் பரந்தது.

"என் பேரு..." என்றார் அவர், ஈனஸ்வரத்தில்.

"இதோ, மெழுகுல இடம் தயாராயிட்டிருக்கு. ஆறினதும் எழுதிக்குங்க."

அவர் விரலை மெழுகின் அருகே கொண்டுபோனார். இன்னும் சூடாக இருந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காத்திருந்தார்.