இரண்டாவது கயிறு

வட்டுக்கோட்டையில் இரும்பு ஒட்டுவேலைக் கடை வைத்திருந்த சிவரூபனின் தம்பி டிலக்ஷன், கள்ளுச் சீவப் பனையில் ஏறியபோது கால் வழுக்கி விழுந்து செத்துப்போனான். அதன் பிறகுதான் சிவரூபன் அந்தக் கருவியைச் செய்தான். காலில் மாட்டும் கயிறு வழுக்கினால், இடுப்பில் கட்டிய இரண்டாவது கயிறு தானாக இறுகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காப்புரிமை எடுக்க யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனான். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது ஆருக்கும் தோன்றக்கூடியது எண்டு தள்ளிப்போடுவாங்கள், தம்பி. ஆனால் ஒரு வழி இருக்கு. இவ்வளவு காலமாய் ஆக்கள் விழுந்து செத்தும் ஒருத்தருக்கும் இது தோன்றேல்லை எண்டு காட்டவேணும். செத்தவையின்ரை வீட்டுக்காரரிட்டைச் சத்தியக்கடதாசி வாங்குங்கோ. எவ்வளவு பேர் செத்திருக்கினமோ, அவ்வளவுக்கு எங்களுக்கு நல்லது."

சிவரூபன் முதலில் தம்பியின் மனைவி தர்சிகாவிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் கருவியை வாங்கிக் கயிற்றை இழுத்தாள். அது இறுகியது.

"இவ்வளவுதானோ, அண்ணை?"

"ஓம், பிள்ளை."

"செய்ய எவ்வளவு நாள் எடுத்தது?"

"ரெண்டு மூண்டு நாள்."

"உதை நீங்கள் யோசிக்கிறதுக்கு அவர் விழவேண்டியிருந்ததோ?"

அவன் சத்தியக்கடதாசியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவள் கையெழுத்துப் போட்டுக் கடதாசியை நீட்டினாள்.

"சொந்தத் தம்பியே செத்தது எங்களுக்கு நல்ல பலம்" என்றார் சட்டத்தரணி.

காப்புரிமை கிடைத்தது. யாருக்கும் இலகுவில் தோன்றாத கண்டுபிடிப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். தர்சிகா அதற்குப் பிறகு அவனோடு கதைக்கவேயில்லை.