பெல்ட்டில் கட்டிய காப்பு

பெட்ரோலை விடியற்காலையில்தான் போட வேண்டும், குளிரில் அது கெட்டியாக இருக்கும், ஒரு கை கூடுதலாக விழும் என்று முனிராஜ் சொல்வான். டயரில் காற்றைக் குறைத்து வைத்தால்தான் மழையில் வண்டி தரையைப் பிடிக்கும் என்பான். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும், தானாக உருளுகிற வண்டிக்கு எண்ணெய் எதற்கு என்பான். சொல்லும்போது சந்தேகத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இருக்காது. தளியிலிருந்து பெங்களூருக்குக் கோஸும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு பதினெட்டு வருஷம் அடுத்தவர் பிக்கப்பை ஓட்டியவன். யாராவது வாயைத் திறந்தால் அந்தப் பதினெட்டு வருஷத்தை எடுத்து நடுவில் வைத்துவிடுவான். அதற்கு மேல் யார் பேசுவது?

அவன் தங்கை மாதேஸ்வரி பேசுவாள். ஓசூரில் கார்களுக்கு சீட் பெல்ட் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பதினோரு வருஷமாக ஒரே மேஜை. வரிசையில் வருகிற ஒவ்வொரு பெல்ட்டையும் மெதுவாக இழுப்பாள், அது வர வேண்டும். வெடுக்கென்று இழுப்பாள், அது நிற்க வேண்டும். நிற்காததைச் சிவப்புக் கூடையில் போடுவாள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிற பழக்கம் அந்த மேஜையில் அவளை விட்டுப் போயிருந்தது. வீட்டில் குழம்புக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட ஒரு வாய் சுவைத்துவிட்டுத்தான் தலையாட்டுவாள்.

அந்த வேலைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டதே முனிராஜ்தான். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு, பன்னிரண்டாவதோடு நிறுத்திவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "எம் பாப்பா கம்பெனிக்குப் போவும்" என்று சொல்லிவிட்டான். இன்டர்வியூ அன்று கம்பெனி கேட்டுக்கு வெளியே பிக்கப்பை நிறுத்தி, கோஸ் வாடுவதைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் காத்திருந்தான். அவனை மாதேஸ்வரிக்கு அவ்வளவு பிடிக்கும். அவ்வளவு பிடித்த ஒருவன் அவ்வளவு உளறுகிறானே என்றுதான் அவளுக்கு ஆற்றாமை.

தையில் முனிராஜ் சொந்தமாகக் கார் வாங்கினான். கைமாறி வந்த வெள்ளைக் கார், ஆனாலும் பளபளவென்று இருந்தது. ஊர் எல்லை முனியப்பன் கோயிலில் பூஜை. நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, பூசாரி கறுப்பும் மஞ்சளும் முறுக்கிய காப்புக் கயிற்றை முன்பக்கம் கட்டினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அந்தக் கார் கீங் கீங் என்று கத்தும். அதன் வாயை அடைக்க முனிராஜ் கடையிலிருந்து ஓர் இரும்பு நாக்கை வாங்கி வந்து, பெல்ட் மாட்டுகிற பூட்டில் செருகியிருந்தான். பெல்ட் இல்லாத வெறும் நாக்கு. பெல்ட் போட்டாகிவிட்டது என்று கார் ஏமாந்து அமைதியாகிவிடும். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் அது கழன்று வந்தது. அதனால் பூசாரியிடம் இன்னொரு காப்புக் கயிறு வாங்கி, மந்திரம் சொல்லச் சொல்லி, நாக்கையும் பூட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டவைத்தான்.

"ஒரு மண்டலம் அவுக்கக் கூடாது. நாப்பத்தெட்டு நாள்" என்றார் பூசாரி.

"நாப்பத்தெட்டு என்ன சாமி, வண்டி இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றான் முனிராஜ்.

மாதேஸ்வரி கட்டிவைத்த பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணா, பெல்ட்ட எங்க மாட்டுவ?"

"பெல்ட்டு போலீசுக்கு, பாப்பா. வண்டி தீப்புடிச்சா அது உடாது, உள்ளயே வெந்துபோவணும். நான் கண்ணால பாத்திருக்கறன்."

"எங்க பாத்த?"

"பாத்திருக்கறன்னு சொல்றன்ல. நீ பெல்ட்ட இழுத்துப் பாக்கறவ. நான் ரோட்ட பாக்கறவன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி ரேவதியும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாதேஸ்வரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்வாதியின் தலைமேல் அவள் கையை வைத்தாள். ஸ்வாதி அவர்களுடைய ஒரே பெண், ஆறாம் வகுப்பு. "இவ மேல சத்தியம் பண்ணு அண்ணி. நீங்களாவது பெல்ட் போடணும்."

"சரி மாதேசு. ஓசூர்க்காரி சொன்னா கேக்காம இருக்க முடியுமா" என்றாள் ரேவதி.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஓசூருக்குச் சாப்பிட வந்தார்கள். கறிக்குழம்பு வாசனையில் முனிராஜ் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பாய் விரித்துக் கண் அசந்தான். மாதேஸ்வரி சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். பூஜை போட்ட கயிறு. "முனியப்பா, நீ இதுக்காகவா இருக்கற" என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். இரும்பு நாக்கை உருவிச் சாக்கடையில் எறிந்தாள். கயிற்றை எறிய மனம் வரவில்லை. கம்பெனிக்குக் கொண்டு போகும் பையின் உள்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது கார் கத்தியது. முனிராஜ் குனிந்து பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இருவத்தொம்பதாம் நாளு" என்றான் மெல்ல. "இன்னும் பத்தொம்பது நாளு இருந்துச்சு பாப்பா. உங்கிட்ட நான் என்னா கெட்டது பண்ணன்?"

"அண்ணா, நான் சொல்றத..."

"உடு."

மறுநாளே அவன் வேறொரு நாக்கு வாங்கிச் செருகிவிட்டான் என்று ரேவதி போனில் சொன்னாள். பெல்ட் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறானாம். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான பெல்ட்டை இழுத்துப் பார்க்கிற தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று மாதேஸ்வரி நொந்துகொண்டாள். வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிடும். அண்ணனை அவள் வெடுக்கென்று இழுத்திருந்தாள்.

கயிறு அறுபட்ட பன்னிரண்டாம் நாள், அஞ்செட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். ஸ்வாதிக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள். காட்டுக்குள் இறங்குகிற நீண்ட இறக்கத்தில் முனிராஜ் வழக்கம்போல் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது வளைவில் மிதி கல்லாக இறுகிவிட்டது. கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டியது.

முனிராஜ் அங்கேயே போய்விட்டான். ரேவதி காறை எலும்பு விரிசலோடு பிழைத்தாள். அவள் பெல்ட் போட்டிருந்தாள்.

மருத்துவமனையில் மாதேஸ்வரி ஓடிவந்து கட்டிலருகே நின்றபோது, ரேவதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பிரேக்கு கல்லாட்டம் ஆயிடுச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "இவ்ளோ நாளு அதே எறக்கத்துல எத்தினி வண்டி ஓட்டனாரு, ஒரு நாளு அப்பிடி ஆனதில்ல. காப்ப அறுத்தா வேற என்னாவும்?"

இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு அது தருகிற துணை போய்விடும், இரண்டு மூன்று மிதிக்குள் இறுகிவிடும். சாவியைத் திருப்பி அணைத்த காரில் காற்றுப்பையும் விரியாது. அவ்வளவுதான் நடந்தது. கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த டிரெய்னியைக் கேட்டாலும் சொல்வான். ஆனால் ஊர் முழுக்க ரேவதி சொன்னதைத்தான் சொன்னது. சாவு வீட்டில் மாதேஸ்வரிக்குத் தண்ணீர் கொடுத்தவள்கூடக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் அழுதபோது, இவளுக்கு என்ன அழுகை என்று பார்த்தார்கள். அண்ணன் செத்ததற்கு வாய்விட்டு அழக்கூட முடியாத பாவியாகிவிட்டாள்.

பதினோராம் நாள் தென்பெண்ணைக் கரையில் காரியம். வாடகைக் காரில் போனார்கள். போகும்போது மாதேஸ்வரிக்கு அதில் இடமில்லை, டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தாள். எள்ளும் தண்ணீரும் விட்டு, முழுகி எழுந்து, தீட்டுக் கழிந்தது. திரும்பும்போது ஸ்வாதி, "அத்த எங்கூட வரட்டும்" என்று அடம்பிடித்தாள். ரேவதி ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள். பின்சீட்டில் நடுவில் மாதேஸ்வரி, ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் பெண். டிரைவர் தேங்காய்ப் பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்வாதியின் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது. அத்தை பழக்கியது.

"உடுடீ அத!" ரேவதி நல்ல கையை மாதேஸ்வரிக்குக் குறுக்காக நீட்டி மகள் கையைத் தட்டிவிட்டாள். "உங்கொப்பன முழுங்குனது பத்தலயா? இந்த எழவு பெல்ட்டாலதான எல்லாம்? எம் பொண்ண நான் இதுல கட்டமாட்டன்."

"அண்ணி..."

"பாரு. உன் பெல்ட்டு பண்ணத பாரு." ஒற்றைக் கையால் முந்தானையை விலக்கினாள். இடது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காக ரவிக்கைக்குள் இறங்கியது ஓர் அகலமான கன்றிப்போன தடம். கத்தரிக்காய் நிறத்திலிருந்து மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. "நான் ஏன் இருக்கறன்? அவரோட போயிருக்கலாமில்ல?"

மாதேஸ்வரி அந்தத் தடத்தைப் பார்த்தாள். தோளில் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்திருந்தது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றிருந்தது. இதைப் போல ஆயிரம் ஆயிரமாகக் கை வழியே அனுப்பியிருக்கிறாள், அதில் ஒன்று தன் வேலையைச் செய்து முடித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

சொல்ல வேண்டியது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. இந்தத் தடம்தான் உன் உயிர் அண்ணி. அண்ணன் மேலேயும் இது விழுந்திருந்தால் அவனும் இருந்திருப்பான். இன்ஜினை அணைக்காமல் இருந்திருந்தால் யார் மேலேயும் விழுந்திருக்காது.

பதினோரு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தைகள். சொன்னால் அத்தனையும் உண்மை. சொன்னால் முனிராஜ் தன் முட்டாள்தனத்தால் செத்தவன் ஆகிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாவியைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரேவதி, ஒரு வார்த்தை சொல்லாமல் போனோமே என்று ஆயுசுக்கும் வெந்துகொண்டிருப்பாள். அந்தப் பக்கம் ஸ்வாதி, எப்போது அழலாம் என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்று அந்தப் பெண் பெல்ட் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தால், இனி எந்த நாளும் போட மாட்டாள்.

"ஆமா அண்ணி" என்றாள் மாதேஸ்வரி. "நான் அறுத்ததாலதான். எங்கண்ணன நான்தான் கொன்னன்."

ரேவதி திரும்பிப் பார்த்தாள். இந்தப் பதினோரு நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு அவள் முகம் உடைந்து, நல்ல தோளை மாதேஸ்வரி மேல் சாய்த்துக்கொண்டு அழுதாள். மாதேஸ்வரியும் அழுதாள். அண்ணனுக்காக அழ அப்போதுதான் அவளுக்கு அனுமதி கிடைத்தது.

அழுது ஓய்ந்ததும் பையின் உள்பைக்குள் கைவிட்டு அந்தக் கயிற்றை எடுத்தாள். கறுப்பும் மஞ்சளும் முறுக்கியது. வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து, ஸ்வாதியின் வலது மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தாள்.

பிறகு மாதேஸ்வரி பெல்ட்டைப் பிடித்தாள். மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள். அது வந்தது. குழந்தையின் நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து பூட்டில் செருகினாள். டக்கென்று ஒரு சத்தம். யாரும் தடுக்கவில்லை.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். ஆற்றங்கரை மேட்டைத் தாண்டும்போது ரேவதி கேட்டாள்.

"கயித்த கட்டியாச்சு. இனிமே எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதில்ல மாதேசு?"

"ஆவாது அண்ணி. முனியப்பன் கயிறு கையில இருக்கறப்ப, பெல்ட்டு ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் சேந்து இருந்தாத்தான் காப்பு."

சந்தேகத்தின் நிழல்கூட இல்லாத முகத்தோடு சொன்னாள், அவள் அண்ணன் சொல்வதைப் போலவே.