கிளட்ச் மேல் போட்ட பழி

மேட்டில் ஏறும்போது கார் உதறி நின்றுபோனால் குற்றம் யார் மேல்? ஓட்டியது ஆண் என்றால் வண்டி மேல். பெண் என்றால் பெண் மேல். காரமடையில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் விமலாராணிக்கு இந்த நியாயம் புதிதில்லை. ஆனாலும் அவளிடம் பழகும் பழனியாத்தாள் இரண்டாவது லைசென்ஸ் டெஸ்டிலும் தோற்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"கிளட்சை இப்படி வெடுக்குனு உட்டா வண்டி என்னங்கம்மா பண்ணும்?" என்றார் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர். "ஊட்டுல நல்லாப் பழகிட்டு வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லீங்களே."

கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதை அப்படி. அடிக்கிற அடியையும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். அடி வாங்கியவரும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பழனியாத்தாளும் அப்படித்தான் சொன்னாள்.

அவசரம் இல்லை என்று அவருக்கு யார் சொன்னது? பழனியாத்தாளின் கணவர் வேனில் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக் கல்யாண மண்டபங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். வேன் வாசலில் நிற்கிறது, இலை கேட்டு போன் வருகிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. நானே ஓட்டுகிறேன் என்று அவள் கிளம்பியபோது கொழுந்தன் சுப்பண்ணன் சிரித்தான். "மூணு தடவை பாருங்க அண்ணி. தேறலீன்னா சாவியக் குடுத்துப்போடுங்க, யாவாரத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். உறவுக்காரர்கள் எல்லோரும் அதுதான் ஞாயம் என்றார்கள். மீதி இருப்பது ஒரே ஒரு தடவை.

"என்ற காலுதானுங்க டீச்சர் சரியில்ல," என்றாள் பழனியாத்தாள், காரில் ஏறியதும். "அரிசிச் சிப்பத்து மேல காலை வெச்சு அமுத்தி அமுத்தித்தான் பழகறேன். அப்படியும் வர மாட்டீங்குது."

விமலாராணி சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட் ஆகி நின்ற இடத்திலேயே கார் குலுங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இழுத்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இதெல்லாம், இன்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றிய நாளிலிருந்து. அதற்கு முந்தின நாள் வரை இதே காரில் எத்தனையோ பெண்கள் இதே மேட்டில் ஏறி லைசென்ஸ் வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கால் சரியாக இருந்ததாம், இவளுக்கு மட்டும் இல்லையாம்!

வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, காரை நேராக, பெல்ட் மாற்றிய மெக்கானிக் கதிர்வேலின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் கதிர்வேலுக்கு நல்ல பேர். அவர் கை வைத்த வண்டியைப் பற்றி இன்னொருவர் குறை பேச மாட்டார். விமலாராணியும் இத்தனை நாள் பேசவில்லை. மிஸ்ஸிங், இன்ஜின் விட்டுவிட்டு ஓடுகிறது என்று முதல் தடவை போனபோது ப்ளக்கை மாற்றினார். அடுத்த தடவை பெட்ரோலில் தண்ணீர் என்றார். அப்புறம் காயிலை மாற்றினார். கடைசியாக, "பழகற பொம்பளைங்க கிளட்ச் மேலயே காலை வெச்சிருப்பாங்க அம்மணி. வண்டியும் பாவமுங்க. தாராளமா டெஸ்டுக்குக் கொண்டு போங்க" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

"வாங்க அம்மணி, டீ சொல்லட்டுங்களா?" என்று எழுந்தார் இப்போதும்.

"டீ வேண்டாமுங்கண்ணா. பெல்ட் கவரைக் கழட்டுங்க."

"பெல்ட்டா? அது நானே என் கையால மாட்டுனதுங்க. அதுல எப்படிங்க தப்பு வரும்? மிஸ்ஸிங்குக்கு ஆயிரம் காரணம் இருக்குதுங்க."

"ஆயிரத்துல தொள்ளாயிரத்தை மாத்திப்போட்டீங்க. மிச்சத்தையும் பாத்துருங்க."

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். கதிர்வேலின் சிரிப்பு பாதியில் நின்றது. விமலாராணி விடவில்லை.

"ப்ளக் கெட்டா ஒரு சிலிண்டர்ல மிஸ்ஸிங் வரும். காயில் கெட்டாலும் அந்த ஒண்ணுலதான் வரும். நீங்க ஸ்கேனர் மாட்டுனப்ப நானும் பக்கத்துல நின்னு பாத்தனுங்க. நாலுலயும் மிஸ்ஸிங். நாலும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமுங்களா? நாலுக்கும் பொதுவா நீங்க தொட்டது பெல்ட் ஒண்ணுதானுங்க."

"சரிங்க, மொதல்ல கம்ப்ரஷன் பாத்துறலாம்," என்றார் அவர், கவரைத் தொடாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்த நிம்மதியில். ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக, உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார். நாலிலும் முள் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழேயே நின்றது. அவர் கேஜை விரலால் தட்டினார். மறுபடியும் பார்த்தார்.

"கேஜ் போயிருச்சாட்ட இருக்குதுங்க."

பழனியாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தன்னால் எல்லோருக்கும் தொந்தரவு என்ற முகம். அந்த முகம்தான் விமலாராணியை இன்னும் கொதிக்கவைத்தது.

"கழட்டுங்கண்ணா. நீங்க கழட்டலீன்னா நான் கழட்டறேன்."

கழற்றினார். கீழ்ச் சக்கரமான கிராங்கின் குறியை நேராக்கிவிட்டு மேலே பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை. விமலாராணியும் குனிந்து பார்த்தாள். மேல் சக்கரத்தில் கம்பெனிக்காரன் வெட்டிவைத்த குறி, இன்ஜினில் உள்ள கோட்டுக்கு ஒரு பல் தள்ளி நின்றது. அந்தக் கோட்டுக்கு நேராக வெளுத்த புள்ளி ஒன்று இருந்தது.

அந்தப் புள்ளி அவருடைய வழக்கம். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் சக்கரத்தில் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைப்பார். புது பெல்ட் மாட்டும்போது அந்தப் புள்ளியைக் கோட்டுக்கு நேராக வைத்தால் வேலை முடிந்தது. கம்பெனிக் குறியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அவர் அதை நகத்தால் சுரண்டினார். ஒயிட்னர் சுரண்டினால் செதிலாக வரும். இது மாவாக உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனவரின் முகம் மாறிவிட்டது.

சந்தனம்.

விமலாராணிக்குச் சட்டென்று விளங்கியது. கார் இங்கே திறந்து கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் இருந்த ஸ்பானர் முதல் ஜாக்கி வரை துடைத்துப் பொட்டு வைத்திருந்தார் கதிர்வேல். திறந்து கிடந்த இன்ஜினையும் விடவில்லை. அன்று சாயங்காலம் அவளே வந்து பொரி கடலை வாங்கித் தின்றிருக்கிறாள். பூஜைக்குத் துடைத்ததில் ஒயிட்னர் போயிருக்கிறது. மேலே வைத்த குங்குமம் உதிர்ந்து, காய்ந்த சந்தனம் மட்டும் நின்றிருக்கிறது. மறுநாள் மனிதர் வெள்ளையாகத் தெரிந்ததை நம்பி பெல்ட்டை மாட்டிவிட்டார்.

"சாமி குத்தமாட்ட இருக்குதுங்க," என்றார் கதிர்வேல் மெதுவாக. "பூஜையில ஏதோ கொற வெச்சுப்போட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் விமலாராணி. பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசினால் நாளைக்கு இந்த ரோடு முழுக்க வேறு கதை ஓடும். அந்தப் பயத்தையும் மீறிக்கொண்டு கோபம் வந்தது.

"சாமி மேல போடாதீங்கண்ணா! சந்தனம் வெச்சதுல தப்பே இல்லீங்க. குறியைப் பாக்காம மாட்டுனதுதான் தப்பு, அது உங்க தப்பு. மொதல்ல ப்ளக் மேல போட்டீங்க. அப்பறம் பெட்ரோல் மேல. அப்பறம் எங்க காலு மேல. இப்பக் கேஜ் மேல போட்டு, சாமி மேலயும் போட்டாச்சு. உங்க பேரு நிக்கறதுக்கு இன்னும் யாரு பேரெல்லாம் கெடணுமுங்க?"

"மெதுவாப் பேசுங்க அம்மணி, ஆளுங்க இருக்காங்க."

"ஆளுங்க முன்னாடிதானுங்க டெஸ்டுல இந்தம்மாளைக் காலு சரியில்லாதவங்கன்னு சொன்னாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க. எனக்கு வேண்டாம்."

கதிர்வேல் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"பெல்ட்டு ஒரு பல்லு தள்ளிப்போச்சுங்கம்மா. நான் மாட்டுனதுதான். மேட்டுல இழுக்காம நின்னது அதனாலதானுங்க."

பழனியாத்தாள் அவரையே பார்த்தாள். "அப்ப என்ற காலு?"

"உங்க காலுல ஒண்ணும் இல்லீங்க."

அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். அழுவாள் என்று விமலாராணி நினைத்தாள். அழவில்லை. கதிர்வேல் இந்தத் தடவை கம்பெனிக் குறியைப் பார்த்து பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். இன்ஜின் ஓட ஆரம்பித்து, குலுக்கல் இல்லாமல் சீரானபோது பழனியாத்தாள் எழுந்து வந்து பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

மூன்றாவது டெஸ்டுக்குச் சுப்பண்ணனும் வந்திருந்தான். துணைக்கு வந்ததாகச் சொன்னான். கேட் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றான். வேன் சாவியை இங்கேயே வாங்கிக்கொண்டு போகிற அவசரம் அவனுக்கு.

பழனியாத்தாள் மேட்டில் ஏறினாள். இன்ஸ்பெக்டர் சொன்ன இடத்தில், பாதி மேட்டில், நிறுத்தினாள். கிளட்சை மெல்ல விட்டாள். கார் ஒரு அங்குலமும் பின்னால் போகாமல் மேலே ஏறியது. ரிவர்ஸும் கோடு தொடாமல் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டருக்கும் சந்தோஷம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வாய் நிறையச் சிரித்தார்.

"பாத்தீங்களாம்மா? நான் சொன்ன மாதிரி ஊட்டுல பழகிட்டு வந்தீங்க, தேறிட்டீங்க. பயத்தை உட்டுட்டாக் கிளட்ச் தானா வந்துருமுங்க."

விமலாராணி வாயைத் திறந்தாள். அதற்குள் பழனியாத்தாள் கார்க் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரே போய் நின்றாள். இத்தனை நாளும் எதற்கும் "சரிங்க சார்" என்றவள், கேட் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இல்லீங்க சார். போன தடவையும் நான் இப்படித்தானுங்க ஓட்டுனேன்."