எங்கள் புன் இன்னும் பழுக்காதவர்

கடைத் தொலைபேசியில் டில்லிராஜ் சாஹுஜி பதினோராவது முறையாக "ஆமாங்க, ஆமாங்க" என்றபோது நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மறுமுனையில் பேசியது குடிவரவு அலுவலகம். சாஹுஜி அப்பாவின் முதலாளி, உணவகத்தின் சொந்தக்காரர். ஜப்பானுக்கு வந்து பதினாறு வருடமாகியும் போனில் அவர் பேசும் ஜப்பானியம் அந்த ஒரு சொல்தான். எதற்கும் ஆமாம் என்றால் எதிராளி சீக்கிரம் வைத்துவிடுவார் என்பது அவர் அனுபவம். பக்கத்து மேஜையில் விடுமுறைப் பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கத்துக் குரல் தெளிவாகக் கேட்டது.

"உங்க சமையல்காரர் புன்னுக்குத் திறமை பத்தாதுன்னு நீங்களே கடிதம் கொடுத்திருக்கீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க, ஆமாங்க."

"அப்போ அவர் விசா நீட்டிப்பு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கறீங்களா?"

"ஆமா..."

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினேன்.

புன் என்பது என் அப்பாதான், ரோஜினா அக்கா. அங்கே நேபாளத்தில், நம் பாக்லுங்கில் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதே, பெரியம்மாவிடம்கூட. அப்பா அடுத்த அறையில் குறட்டை விடுகிறார். அவர் விழித்திருந்தால் இதை எழுதவே எனக்குத் தைரியம் வராது.

இங்கே அப்பாவின் விசாவுக்கு அர்த்தம் ஒன்றுதான்: இந்த ஆள் பத்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள, தேர்ந்த அயல்நாட்டுச் சமையல்காரர், இவர் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு முதலாளி எழுதிக் கேட்கிறார். முதலாளி கேட்கும் வரைதான் அப்பா இங்கே. அப்பா இருக்கும் வரைதான் அம்மாவும் நானும். அதாவது எங்கள் மூன்று பேரின் குடித்தனமும் அந்த ஒரு கடிதத்தில் தொங்குகிறது. அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

வழக்கமாக அதற்கென்று உள்ள ஆளிடம் கொடுத்து எழுதி வாங்குவார் சாஹுஜி. இந்த வருடம் அவருக்குச் சிக்கனப் புத்தி வந்துவிட்டது. "நானி, நீதான் ஜப்பான் பள்ளிக்கூடத்துல படிக்கிறியே. அப்பாவைப் பத்தி நாலு வரி எழுத மாட்டியா? ரெண்டு சீஸ் ரொட்டி தர்றேன்" என்றார். வீட்டிலும் கடையிலும் எல்லோருக்கும் நான் நானிதான், சின்னப் பெண். சீஸ் அதிகமாகப் போட்டுத் தரவேண்டும் என்று பேரம் பேசி ஒப்புக்கொண்டேன்.

நகாகிரி டீச்சர் வகுப்பில் கடிதம் எழுதுவதில் நான்தான் முதல். வெளியாருக்கு எழுதும்போது நம் வீட்டாரையும் நம் நிறுவனத்து ஆளையும் உயர்த்தி எழுதக்கூடாது, எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு மரியாதை என்பது இங்கே பாலபாடம். இனிப்புப் பெட்டியை நீட்டும்போதே "இது ஒன்றுக்கும் உதவாத பண்டம்" என்றுதான் நீட்டவேண்டும். குடிவரவு அலுவலகமோ அரசாங்கம். அரசாங்கத்துக்கு எழுதுவதென்றால் எவ்வளவு தாழ்த்தவேண்டும்! யோசித்து யோசித்து எழுதினேன்:

"எங்கள் புன் இன்னும் பழுக்காதவர். பதினான்கு ஆண்டுகள் அடுப்படியில் நின்றும் கற்கவேண்டியது ஏராளம். அவர் சமைப்பது தங்கள் நாவுக்கு ஏற்றதாக இராது. இப்படிப்பட்டவரைத் தங்கள் முன் நிறுத்த வெட்கப்படுகிறோம். தயவுகூர்ந்து மன்னித்து அருளவேண்டும்."

சாஹுஜிக்கு ஜப்பானியம் படிக்கத் தெரியாது. "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பவள் நான் மட்டும்தான். 'விண்ணப்பதாரருக்குப் போதிய திறமை இல்லை என நிறுவனமே தெரிவித்துள்ளது. விளக்கம் தரவும்' என்று இருந்தது. அம்மா, "என்னடி அது?" என்றாள். "பல் டாக்டர் விளம்பரம்மா" என்றேன். உறை என் விளையாட்டுப் பையில் காலுறைகளுக்கு அடியில் போனது. கொடுத்திருந்த கெடுவும் போனது. அதனால்தான் அந்த போன்.

போனில் அழாத குறையாகக் கெஞ்சியதில், நாளை மறுநாள் முதலாளியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு புதுக் கடிதத்தோடு வரச் சொன்னார்கள்.

"என்ன நானி சொல்றாங்க?" சாஹுஜி நெற்றியைத் துடைத்தார்.

"ஒரு தாள் குறையுதாம். அப்பாவோட திறமையைப் பத்தி விவரமா எழுதணுமாம்."

அன்று மதியம் கடையை மூடியபின் அம்மாவையும் சேர்த்து நான்கு பேரும் உட்கார்ந்தோம்.

"எழுது: இவனை மாதிரி சமையல்காரன் இமயமலைக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல" என்றார் சாஹுஜி.

"ஐயோ, அதெல்லாம் வேணாங்க" என்று அப்பா நெளிந்தார். "எனக்கு என்ன தெரியும்? ஏதோ கிண்டறேன், ஏதோ வேகுது."

"யோவ், இப்படியே அங்க வந்து சொல்லித் தொலைக்காதய்யா! உன்னோட சேத்து என் கடைக்கும் பூட்டுதான்!"

"பருப்புல உப்பு ஒருநாளும் சரியா இருந்ததில்ல, அதையும் எழுது" என்றாள் அம்மா.

"அம்மா!"

"உள்ளதைத்தானடி சொல்றேன்."

அப்பாவின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டியிருந்தது. முதல் நான்கு வருடம் வெங்காயம் மட்டுமே உரித்தாராம். தந்தூர் அடுப்பு சூடாகிவிட்டதா என்று முழங்கை மயிர் சுருளுவதை வைத்துச் சொல்வாராம். பதினெட்டு மசாலாவைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையில் பிரிப்பாராம். சாஹுஜி நம்பவில்லை. அப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டி, டப்பாக்களை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். பதினெட்டும் சரி. பத்தொன்பதாவதாகத் தன் மூக்குப்பொடி டப்பாவை நீட்டினார். "இது உங்க மூக்குப்பொடி. நமுத்துப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார் அப்பா.

இதில் எதுவுமே எனக்குத் தெரியாது, அக்கா. எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வரியில்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. கூச்சத்தில் கை கூசியது.

குடிவரவு அலுவலகத்தில் எங்கள் எண் 263. சாஹுஜி கோட்டு போட்டு வந்திருந்தார். 'ஆமாங்க' மட்டும் சொல்லக்கூடாது என்று ரயிலில் சத்தியம் வாங்கியிருந்தேன். அதனால் எது கேட்டாலும் வாயை இறுக மூடிக்கொண்டு குனிந்து வணங்கினார்.

இஷிகுரே என்ற அதிகாரி அம்மாள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். உதட்டோரம் துடித்தது. "இதை எழுதினது யாரு?" என்று பழைய கடிதத்தைத் தட்டினார்.

கையைத் தூக்கினேன்.

"கடித வகுப்புல எத்தனை மார்க்?"

"நூறு."

"தெரியுது. எங்க அம்மா என்னைப் பத்திப் பக்கத்து வீட்ல இப்படித்தான் சொல்லுவாங்க. எனக்குப் புரியுதும்மா, ஆனா கோப்புக்குப் புரியாதே. கோப்புக்குப் பணிவு தெரியாது." பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "புன், உங்களைப் பத்தி முதல்ல என்ன எழுதியிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன நானி கேக்கறாங்க?"

"வானிலை பத்திப்பா."

"மொழிபெயர்த்துச் சொல்லும்மா. அவரைப் பத்தின கடிதம், அவருக்குத் தெரியணும்" என்றார் இஷிகுரே. அந்த அம்மாளுக்கு நேபாளி தெரியாதுதான், ஆனால் பொய் தெரிந்தது.

படித்தேன். பழுக்காதவர். கற்கவேண்டியது ஏராளம். நாவுக்கு ஏற்றதாக இராது. வெட்கப்படுகிறோம். ஜப்பானியத்தில் பட்டுப்போல் இருந்த வாக்கியங்கள் நம் மொழியில் செருப்படியாக விழுந்தன. சாஹுஜி முதல்முறையாகத் தன் முத்திரை எதன்மேல் விழுந்தது என்று கேட்டு, வணங்குவதை நிறுத்தி அப்படியே நின்றுவிட்டார். அப்பா சிரித்தார், வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பு.

இஷிகுரே புதுக் கடிதத்தில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வைத்தார். "முடிவு ரெண்டு வாரத்துல அஞ்சலட்டையில வரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முழங்கை மயிர் விஷயம் நெஜமா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். வலது முழங்கையில் ஒரு மயிர்கூட இல்லை.

திரும்பும் ரயிலில் சாஹுஜி, "அஞ்சலட்டை மட்டும் நல்லபடியா வரட்டும், வாழ்நாள் பூரா உனக்கு சீஸ் ரொட்டி. வரலைன்னா குடுத்த ரெண்டையும் கக்கிடு" என்று சொல்லிவிட்டு அவர் நிலையத்தில் இறங்கினார். அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். ஐந்தாவது நிலையத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்கன்னு மட்டுந்தானா நானி, அந்த 'வெட்கப்படுகிறோம்'?"

போன வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் கடைக்குச் சாப்பிட வந்தார்கள், அக்கா. அப்பாவைப் பார்த்து, யாரோ போல, "ரெண்டு பட்டர் சிக்கன் கொடுங்க" என்றேன். அப்பாவும் யாரோ போலத் தலைகுனிந்து, "வாங்க, உட்காருங்க" என்றார். அன்றைக்கும் அலுவலகத்தில் சிரித்த இதே சிரிப்புதான்.

அஞ்சலட்டை வந்தால் அதைப் படித்துச் சொல்லப்போவதும் நான்தான். அதில் எது இருந்தாலும் சொல்லிவிடுவேன். அப்பா கேட்டதற்கு நான் என்ன சொல்வது, அக்கா?