பெட்டிக்கு முனை உண்டு

லைல் காபி வாங்க எழுந்து போன நேரம் பார்த்து, அவன் துகள் ஓடுகிற பெட்டியை மாரென் இரண்டு மடங்கு நீளமாக்கி வைத்தாள். வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து அப்பாவியாகச் சிரிக்கவும் செய்தாள்.

பெட்டி என்றால் கணினிக்குள் ஒரு கோடு. அதன் நடுவில் ஒரு மேடு. குவாண்டம் துகள் அலையாகக் கிளம்பி மேட்டில் முட்டும். பெரும்பங்கு திரும்பிவிடும், கொஞ்சம் மட்டும் மேட்டுக்குள்ளேயே நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. லைல் கண்டுபிடித்தது வேறு: போன அலை சற்றுப் பொறுத்துத் திரும்பி வருகிறதாம்!

"துகளுக்கு மனசு மாறுது" என்று சாஸ்கடூன் நகரம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தான்.

மனசாவது மண்ணாவது! கோட்டின் முனையில் சுவர் இருக்கிறது. அலை அதில் இடித்துக்கொண்டு திரும்புகிறது; சுவரைத் தள்ளி வைத்தால் திரும்ப வெகுநேரமாகும். திரையில் மேட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தவனுக்கு முனை எங்கே தெரியும்? சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மாநாட்டுக்கு அவர்கள் ஆய்வுக்குழுவிலிருந்து ஒருவர்தான் போகலாம், இன்றைய கூட்டத்தில் பேராசிரியர் கோடெட் ஆளைச் சொல்லிவிடுவார். மாரெனுக்கு அந்த இடம் வேண்டும்.

எல்லோர் முன்னிலும் லைல் ஓட்டிக் காட்டினான். அலை மேட்டைத் தாண்டிப் போயிற்று.

"இப்ப திரும்பும் பாருங்க." திரும்பவில்லை. "இதோ... இப்ப..."

"பஸ்ஸ விட்டுருச்சோ என்னவோ" என்றாள் மாரென். அறையே சிரித்தது. தப்பு செய்தவர் அடுத்த வாரம் டோனட் வாங்கி வர வேண்டும் என்பது குழுவின் சட்டம். லைலின் காது சிவந்துபோயிற்று.

அடுத்து மாரென். இரண்டு மேடுகளுக்கு நடுவே சிக்கிய துகள் சிறிது சிறிதாகக் கசியும். கசிவு நடுநடுவே தானாகத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் அவளுடைய ஒரு வருட உழைப்பு. மிடுக்காக ஓட்டினாள்.

கசிவைக் காட்டும் வரைகோடு வழவழவென்று இறங்கியது. துள்ளல் இல்லை.

கோப்பின் பெயரைப் பார்த்தாள். அவசரத்தில் அவள் திருத்தியது லைலின் கோப்பு இல்லை, குழு மொத்தமும் பயன்படுத்தும் கோப்பு. அதாவது அவளுடைய துள்ளலும் சுவரில் இடித்துத் திரும்பிய அலைதான்.

கோடெட் கோப்பைத் திறந்து பார்த்தார். "நீளத்த மாத்துனது யாரு?"

மாரென் கையைத் தூக்கினாள். "நான்தான். இவன மடக்கலாம்னு..."

"நல்ல சோதனைம்மா. அவனுக்குச் செஞ்சுபார்த்தத உனக்கு ஏன் செஞ்சுபார்க்கல?"

மாரெனுக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"இந்த வருஷம் மாநாட்டுக்கு யாரும் போகல" என்று சொல்லிவிட்டு கோடெட் எழுந்து போனார்.

லைல் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். திட்டப்போகிறான் என்று மாரென் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாக்லேட் டோனட் நீ வாங்கு, மேப்பிள் டோனட் நான் வாங்குறேன்" என்றான் அவன். "அதுக்கு முன்னாடி, இந்தப் பெட்டிய இன்னும் கொஞ்சம் நீட்டு. ரெண்டு பேர்ல யாருக்காவது ஏதாச்சும் மிஞ்சுதான்னு பார்ப்போம்."